தூசி அண்ணன் எடுத்த அளவு

எங்கள் சபையில் தாழ்மைக்குப் பஞ்சமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பார்த்தால் தெரியும். முன்வரிசை நாற்காலிகள் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். கடைசி வரிசைக்குத் தள்ளுமுள்ளு நடக்கும். பாடக் கூப்பிட்டால் "எனக்குத் தொண்டையே சரியில்ல" என்று நாலு தடவை மறுத்துவிட்டு, ஐந்தாவது தடவை யாரும் கேட்கவில்லையென்றால் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஜெபத்தில் தன்னைப் புழு என்று சொல்லி உருகுகிறவரை, ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது வேறு யாராவது அதே வார்த்தையால் கூப்பிட்டுப் பார்க்கட்டும், சேதி தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் கடைசி வரிசைக்காரன்தான். அரைமணி நேரம் முன்னாலேயே போய் இடம் பிடித்துவிடுவேன்.

இப்படிப்பட்ட சபையிலும் தாழ்மையில் மற்ற எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் தூசி அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. யார் எதற்குப் பாராட்டினாலும் "நான் வெறும் தூசிங்க" என்று இரண்டு கையையும் விரித்துவிடுவார். கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் அதட்டினார்கள். அவரோ, "விடுங்க, உண்மையத்தானே சொல்றாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே சபையில் இன்னும் நாலு பேர் "என்ன மனுஷன்யா" என்றார்கள். ஒரு வருடத்தில் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. யாராவது மறந்துபோய் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அவர் கொஞ்சம் மெதுவாகத்தான் திரும்புவார்.

தொழில், ஷூ செய்வது. கண்ணாடிக்கடையில் அடுக்கி வைத்திருக்கிற ஜாதி ஷூ இல்லை. ஒரு கால் குட்டையாகப் பிறந்தவர்கள், விபத்தில் பாதம் கோணியவர்கள், சர்க்கரை நோயில் விரல் இழந்தவர்கள், இவர்களுக்கென்று கால் பார்த்துச் செய்கிற ஷூ. பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலில் மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே அவருடைய அறை. உள்ளே நுழைந்தால் பசை வாசனை முதலில் மூக்கைப் பிடிக்கும். அப்புறம் அலமாரி கண்ணில் படும். தரையிலிருந்து கூரைவரை மரத்தில் செதுக்கிய பாதங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய காலின் அச்சு. குதிகாலில் பென்சிலால் ஓர் எண். சில நேராக, சில உள்பக்கம் திரும்பி, சில கட்டை விரல் இல்லாமல். சுற்றுவட்டாரத்தில் யார் எப்படி நடக்கிறார்கள் என்பது மொத்தமும் அந்த அலமாரியில் இருந்தது. முதல் தடவை உள்ளே போனபோது எனக்கு அங்கே சத்தமாகப் பேசத் தோன்றவில்லை. கோவிலில் இருப்பதுபோல நின்றேன். தட்டைப் பாதம் எனக்கு. உள்ளே வைக்கிற மெத்தைத் தகடு வாங்கப் போயிருந்தேன்.

ஜன்னலோரம் தையல் மெஷினில் அவர் மனைவி. மேல்தோல் தைப்பது அந்த அம்மாவின் வேலை. புருஷனின் தாழ்மையைப் பக்கத்திலிருந்து பார்ப்பதும் அவர்கள் வேலைதான்.

"என்னங்க, தூசிக்கு டீ ஆறுது."

"ஆள் இருக்கும்போது கிண்டல் வேணாம்மா."

"ஆள் இல்லாதப்போ உங்களுக்குத் தாழ்மையும் இருக்கிறதில்லையே. யாரைக் கிண்டல் பண்றது?"

அவர் நாள் முழுக்க முழங்காலில் நிற்கிறவர். பழைய சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதில் முட்டி போட்டு, வந்தவரின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். புண் வைத்த கால், நாற்றமடிக்கிற கால், பத்து வருடமாக அடுத்தவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்த கால், எதுவானாலும் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. அதில் பொய்யே கிடையாது. இப்படி ஒரு வேலை செய்கிறவனிடம் பெருமை எந்தப் பக்கமாக வரும் என்று நாம் நினைப்போம். அதற்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. அதுவும் முட்டி போட்டுக்கொண்டே வந்து சேரும்.

வந்தது இப்படி. அவர் யாருக்கும் இரண்டாவது தடவை அளவெடுத்ததில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட. மற்ற கடைகளில் இரண்டு நாள் வரச் சொல்லி இரண்டு அளவு எடுப்பார்கள். இவர் ஒரே அளவு, ஒரே ஷூ. டாக்டர்கள்கூடச் சீட்டில் உயரத்தைக் குறிக்காமல் "அளந்து செய்யவும்" என்று மட்டும் எழுதியனுப்புவார்கள், அவ்வளவு நம்பிக்கை. எப்படி முடிகிறது என்று கேட்டால் கையை விரிப்பார்.

"அளக்கிறது நான் இல்லீங்க. ஆண்டவர். அவர் எடுத்த அளவைத் திருத்த இந்தத் தூசி யாரு?"

கேட்கிறவருக்கு மெய்சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. தகடு கொஞ்சம் உறுத்தியதுதான். ஆனால் ஆண்டவர் எடுத்த அளவு உறுத்துகிறது என்று எந்த வாயால் சொல்வது? பத்து நாளில் பழகிவிட்டது. அல்லது என் கால் பழகிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் காஜாக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் சபைதான். யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் சட்டைக்குக் காஜா அடிக்கிற வேலை; ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் பட்டன் ஓட்டை. அதனால் அந்தப் பெயர். புருஷன் இல்லை, ஒரே பெண். மூன்றாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே இடது கால் கொஞ்சம் குட்டை. குட்டைக் காலின் ஷூவுக்கு அடியில் ரப்பர் தட்டுகளை அடுக்கி ஒட்டி உயரம் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் சூட்சுமம்.

அளக்கும் முறை பார்க்கச் சுலபம். அரை சென்டிமீட்டர் கனத்தில் பலகைத் துண்டுகள் இருக்கும். குட்டைக் காலுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்து, இரண்டு உள்ளங்கையையும் பிள்ளையின் இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் சமமாக வந்ததும் துண்டுகளை எண்ண வேண்டும். அன்றைக்கு எட்டுத் துண்டு வந்தது. நாலு சென்டிமீட்டர். அவர் எழுதிக்கொண்டார்.

"வலிக்குதாம்மா?" என்று மனைவி மெஷினிலிருந்து கேட்டார்.

பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். "அளவெடுத்தா ஏன் வலிக்கப் போகுது? ஷூ பதினஞ்சு நாள்ல ரெடி."

ஷூ வந்தது. பழுப்பு நிறம், பக்கவாட்டில் பக்கிள். அழகான ஷூ. அடுத்த ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் அண்ணன் எழுந்து முன்னால் போனார். பிள்ளையைப் பிரசங்க மேடையிலிருந்து வாசல்வரை நடந்து திரும்பி வரச் சொன்னார். அவள் நடந்தாள். நொண்டல் இல்லை. காஜாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் கையை விரித்தார்.

"நான் என்ன செஞ்சேன்? ஒண்ணும் செய்யல. நான் வெறும் தூசி. இந்தக் கால அளந்தவர் ஆண்டவர்."

சபை கைதட்டியது பாருங்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. போதகர் "ஸ்தோத்திரம்" என்று மூன்று தடவை சொன்னார், வழக்கமாக ஒன்றுதான். நானும் கைதட்டினேன். கடைசி வரிசையிலிருந்து தட்டினால் சத்தம் கேட்காதென்று கொஞ்சம் பலமாகவே.

எட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, காஜாக்கா வேலைக்குப் போகும் வழியில் ஒரு பையைக் கடையில் வைத்துவிட்டுப் போனார். பிள்ளையின் ஷூ ஜோடி. பக்கிள் அறுந்துவிட்டது, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

பக்கிளை மாற்ற ஐந்து நிமிடம் போதும். இடது ஷூவை எடுத்துப் பக்கிளைத் தைத்து முடித்தார் அண்ணன். முடித்ததும் பழக்கதோஷத்தில் இரண்டையும் கவிழ்த்து வைத்தார்.

ஷூக்காரர்கள் முகத்தைவிட அடியைத்தான் அதிகம் நம்புவார்கள். முகம் மறைக்கிறதைச் சோல் காட்டிவிடும். இடது ஷூவின் சோல் பரவாயில்லை. வலது ஷூ, அதாவது நல்ல காலின் ஷூ, சாதாரணமாக எந்த வேலையும் செய்யாமல் வெறும் ஷூவாக மட்டும் இருக்க வேண்டிய ஷூ, அதன் நுனி தேய்ந்து தேய்ந்து, உள்ளேயிருக்கிற துணி தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது. குதிகால் புத்தம்புதுசு. கடையிலிருந்து போன அன்றைக்கு அதில் வெட்டியிருந்த கோடுகள் அப்படியே இருந்தன. தூசிகூட ஒட்டவில்லை.

அவர் மனைவிதான் இதை எனக்குச் சொன்னார். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். சாணைச் சக்கரத்தின் பக்கத்தில் மனுஷன் அந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஆள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதுவும் காதில் விழவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"இந்தக் குதிகால் எட்டு மாசமா தரையத் தொடல."

"எந்தக் குதிகால்?"

"நல்ல காலோடது. குட்டைக் கால் பக்கம் உயரம் ஜாஸ்தியாயிடுச்சு. அதுக்குச் சமமா வர, பிள்ளை நல்ல கால எக்கி எக்கி நடந்திருக்கா. எட்டு மாசம். நுனிக்கால்ல."

"அன்னிக்குச் சபையில நேராத்தானே நடந்துச்சு?"

"எக்கிக்கிட்டு நேரா நடந்திருக்கும்மா."

வாய் நீளமான அந்த அம்மா மெஷினை நிறுத்தினார். "சரி, ஷூவைத் தனியா வெச்சுட்டு, புதுசா ஒண்ணு செஞ்சுடலாம். கால் வளர்ந்துடுச்சுன்னு சொன்னா யாருக்கும் சந்தேகம் வராது" என்றார். இதையும் அவரே என்னிடம் சொன்னார், மறைக்காமல். "நான் அவ்ளோதாங்க யோசிச்சேன். கடை இருக்கே, டாக்டருங்க அனுப்புறாங்களே, இந்த ஒரு பேர்லதானே வண்டி ஓடுதுன்னு."

அண்ணனுக்கும் அது தோன்றாமல் இல்லை. பின்னால் ஒருநாள் ஒத்துக்கொண்டார்: "கால் வளர்ந்துடுச்சுங்கிற வார்த்தை நாக்கு நுனில வந்துடுச்சு. நம்பற மாதிரி வேற இருந்துச்சு." ஆனால் கையில் அந்த வலது ஷூ இருந்தது. சாயங்காலம் காஜாக்கா கடைக்கு வருவதற்குள் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அண்ணன் படி ஏறும்போது எண்ணினாராம். ஐம்பத்தி நாலு. ஒவ்வொரு படியிலும் அந்தப் பிள்ளை எந்தக் காலை முதலில் வைத்திருப்பாள் என்று பார்த்துக்கொண்டே ஏறினாராம். இரண்டாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்றார். மூச்சு வாங்குகிற வயசு இல்லை.

ஒரே அறை. ஓரத்தில் அடுப்பு, கட்டில், கட்டிலுக்கு அடியில் பள்ளிக்கூடப் பை. பிள்ளை வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். காஜாக்கா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தார். சேலையெல்லாம் நூல் பிசிறு.

"அண்ணே! நீங்க ஏன் அலையணும்? நானே வந்திருப்பேனே. பக்கிள் போட்டாச்சா?"

"பக்கிள் போட்டாச்சு. ஷூதான் தப்பு."

"என்ன தப்பு?"

"உயரம் ஜாஸ்தி. ஆரம்பத்துலேர்ந்தே."

காஜாக்காவுக்குப் புரியவில்லை. சிரித்தார். "என்னண்ணே சொல்றீங்க, ஆண்டவர் எடுத்த அளவுன்னு நீங்கதானே..."

"இல்லம்மா. ஆண்டவர் எடுக்கல. நான் எடுத்தேன்."

சாதாரண வாக்கியம். இரண்டே வார்த்தை. இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து முதல் தடவையாக வந்த 'நான்' அதுதான் என்று அவர் மனைவி சொல்கிறார். தூசி இல்லாத 'நான்'.

காஜாக்கா கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு ஆரம்பித்தார்.

"எட்டு மாசம்ணே. மூணாவது வாரமே கெண்டைக்கால் வலிக்குதுன்னு அழுதா. மூணு மாசம் கழிச்சு வந்து காட்டுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க, நான் போகல. ஆண்டவர் பார்த்ததுக்கு மேல டாக்டர் என்ன பார்க்கப் போறார்னு போகல. சோம்பேறித்தனம் பண்றான்னு நினைச்சேன். குதிகால ஊனி நடடின்னு ஸ்கேலால முட்டில தட்டியிருக்கேன், அண்ணே. ஒரு தடவ உங்ககிட்ட வந்து கேக்கலாம்னு கடை வரைக்கும் வந்தேன். ஆண்டவர் மேலயே குறை சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு திரும்பிப் போயிட்டேன். தெரியுமா உங்களுக்கு? கடை வாசல் வரைக்கும் வந்தேன்!"

அந்த 'ஆண்டவர்' என்ற வார்த்தையைத் தன் கடை வாசலில் தானே நிறுத்தி வைத்திருந்தது அப்போதுதான் அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தாண்டி எந்தத் தாய் உள்ளே வந்து குறை சொல்வாள்? இத்தனை வருடமும் தாழ்மை என்று நினைத்துக் கட்டியது சுவர்.

பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், ஷூதான் தப்பா?"

"ஆமாம்மா."

"என் கால் இல்லையா?"

"உன் கால் சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியா பார்க்கல."

"அப்போ ஆண்டவர் தப்பா அளக்கலையா?"

"அவர் தப்பா அளக்கல. நான் அளந்துட்டு அவர் பேரைச் சொல்லிட்டேன்."

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் பெரிய பாரத்தை இறக்கி வைக்கிற மாதிரி மூச்சு விட்டாள்.

"நான் நொண்டினா, ஆண்டவர் தப்பா அளந்துட்டார்னு எல்லாரும் சொல்லிடுவாங்கல்ல? அன்னிக்கு எல்லாரும் கைதட்டினாங்கல்ல? அதான் இந்தக் கால எக்கிக்கிட்டேன். அவருக்காக."

அந்த அறையில் இருந்த மூன்று பெரியவர்களும் அதற்குப்பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை என்று கேள்வி. ஆராதனையில் ஆண்டவரின் பெயரை உயர்த்துகிறோம், உயர்த்துகிறோம் என்று வாரா வாரம் பாடுகிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, நாங்கள் எல்லாரும் சேர்ந்து கீழே போட்டதை, ஒற்றைக் கட்டை விரலில் எட்டு மாதம் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஐம்பத்தி நாலு படி, தினமும் நாலு தடவை.

"அன்னிக்கு அளக்கும்போது எப்படி நின்னே, ஞாபகம் இருக்கா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"முட்டி மடக்கிக்கிட்டு. முந்தின நாள் விழுந்துட்டேன். இடது முட்டில பிளாஸ்திரி போட்டிருந்துச்சு. நீட்டினா இழுத்துச்சு." கவுனை இழுத்துக் காட்டினாள். "இது மறைச்சுடுச்சு. ஆன்ட்டி வலிக்குதான்னு கேட்டாங்க. நீங்க ஷூ ரெடின்னு சொல்லிட்டீங்க."

மடக்கிய முட்டி. அதனால் கூடிப்போன மூன்று துண்டுப் பலகை. கவுனைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்திருந்தால், இல்லை, இரண்டாவது நாள் இரண்டாவது தடவை அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

காஜாக்கா மன்னிக்கவில்லை, அன்றைக்கு. "போயிட்டு வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். கதவைச் சத்தமாகத்தான் சாத்தினார்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்னால் அம்மாவும் மகளும் வாசலில் நின்றார்கள்.

"ரெண்டு தடவ அளங்க" என்றார் காஜாக்கா, வேறு பேச்சில்லாமல்.

"மூணு தடவ அளக்கிறேன்மா."

அளந்தார். ஐந்து துண்டு. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போய், டாக்டரிடம் தன் வாயாலேயே சொன்னார். டாக்டர் கெண்டைக்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, தசைநார் இறுகியிருக்கிறது, பயிற்சி கொடுத்தால் நாலைந்து மாதத்தில் தளர்ந்துவிடும், இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். மறுநாளிலிருந்து சீட்டில் டாக்டரே உயரம் எழுத ஆரம்பித்தார். அண்ணனுக்கு அது வலித்திருக்கும். அந்தச் சீட்டை மூன்று விரலால் பிடித்து ஆணியில் குத்தி வைத்தார், அவ்வளவுதான்.

இனி சபை பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் போதகரைப் பார்க்கப் போனார். போதகர் நல்ல மனிதர். குழப்பம் என்றால் மட்டும் ஒவ்வாமை.

"தனியா அவங்ககிட்ட சொல்லிட்டீங்கல்ல? போதுமே. அந்தச் சாட்சி நிறையப் பேருக்கு ஆசீர்வாதமா இருந்துச்சு. இப்போ மாத்திச் சொன்னா ஜனங்க விசுவாசத்துல இடறிடுவாங்க."

"ஜனங்க இடறுவாங்கன்னுதான் ஐயா அந்தப் பிள்ளை இடறாம நடந்தா."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அஞ்சு நிமிஷம் தர்றேன்."

"ரெண்டு போதுங்க."

ஞாயிறு. அண்ணன் எழுந்து முன்னால் போனபோது எங்களுக்கெல்லாம் ஒரு சுகமான எதிர்பார்ப்பு. சிலர் கைதட்டக் கையைத் தயாராக வைத்துக்கொண்டோம். அவர் கையை விரிக்கவில்லை. கையில் ஒரு சின்ன வலது ஷூ இருந்தது.

"எட்டு மாசம் முன்னாடி இந்த இடத்துல ஒரு பிள்ளைய நடக்க வெச்சேன். இன்னிக்கு அவ நடக்க வேணாம். அவ கால அளந்தது ஆண்டவர்னு சொன்னேன். அது பொய். நான் அளந்தேன். ஒரே தடவ, அவசரமா அளந்தேன். தப்பா அளந்தேன். அவர் பேரைச் சொன்னதால யாரும் என்னைக் கேள்வி கேக்கல. வலியெல்லாம் அந்தப் பிள்ளை வாங்கிக்கிட்டா. இந்த ஷூவைப் பாருங்க. அவ்ளோதான்."

முன்வரிசைதான் காலியாயிற்றே. அவர் நடந்து வந்து, மூன்றாவது வரிசையில் இருந்த முதல் ஆளிடம் ஷூவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை.

ஷூ கைமாறிக் கைமாறி வந்தது. அவரவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சத்தமாகப் பாடுகிற வாத்தியார் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை. கடைசியாகக் கடைசி வரிசைக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு ஒன்று தெரிந்தது: கடைசி வரிசையில் உட்கார்ந்தால் தப்பிக்க முடியாது, எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும்.

நான் நுனியைத் தடவிப் பார்த்தேன். ரப்பர் போய், துணியும் நைந்து, என் கட்டை விரலின் ரேகை அந்தப் பக்கம் தெரியும்போல இருந்தது. குதிகாலைத் தடவினேன். புதுசு. என்னால் அதைப் பக்கத்தில் வைக்க முடியவில்லை. வரிசையின் கடைசி ஆள் நான்; எனக்கப்புறம் கொடுக்க ஆளும் இல்லை. பிரசங்கம் முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன். போதகர் என்ன பேசினார் என்று கேட்காதீர்கள். மடியில் ஒரு பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அண்ணன் மாறிவிட்டார். சபையில் பலருக்கு இதில் வருத்தம். போன வாரம் வாசலில் ஒரு மூப்பர் என்னிடமே சொன்னார்: "முன்னெல்லாம் எவ்ளோ தாழ்மையான மனுஷன்! இப்போ ஷூ நல்லா இருக்குன்னு சொன்னா, 'ஆமா, நல்லா வந்திருக்கு'ங்கிறார். தலை கனத்துடுச்சு."

உண்மைதான், அப்படித்தான் சொல்கிறார். என் புதுத் தகட்டை வாங்கிக்கொண்டு நானும் பாராட்டிப் பார்த்தேன். "ஆமாங்க, நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா உறுத்திச்சுன்னா வந்து சொல்லணும்" என்றார். பழைய தகடு உறுத்தியதை அப்போது சொன்னேன். ஏன் அப்பவே சொல்லவில்லை என்று கேட்டவர், கேட்டு முடிப்பதற்குள் பதில் தெரிந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னலோரத்திலிருந்து மனைவி, "தூசிய ஊதியாச்சுங்க. இப்பத்தான் உள்ள ஆள் இருக்கிறது தெரியுது" என்றார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் தடதடவென்று சத்தம். இரண்டு குதிகாலும் தரையில் விழுகிற சத்தம். காஜாக்கா மகள், பள்ளிக்கூடப் பையோடு. உள்ளே ஒரு டாக்டரின் மனைவி, இரண்டு வாடிக்கையாளர்கள், நான், அலமாரி நிறையக் கால்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, புது ஷூ மாட்டிய காலை நீட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அங்கிள், ஷூ கடிக்குது!"

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சபையே எழுந்து நின்று கைதட்டிய அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. சாக்கை இழுத்துப் போட்டு முட்டி போட்டார். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கம்மா? காட்டு."